விளம்பரம் முடிந்ததும் பேசலாம்

ஓசியில் எதைக் கொடுத்தாலும் ஆட்கள் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவார்கள், ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பெயர் கஜேந்திரன். ஹட்டன் டவுனில், பேக்கரிக்கு மேல்மாடியில் 'சும்மா கோல்' என்று ஓசி போன் சேவை ஒன்று நடத்துகிறேன். நானும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன்தான். போனில் காசு இல்லாமல், ரிங் மட்டும் கொடுத்துக் கட் பண்ணிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து திருப்பி எடுப்பார்களா என்று காத்திருக்கிற ஆட்களைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. எங்கள் எண்ணுக்கு எடுத்து, வேண்டிய ஆளின் எண்ணை அழுத்த வேண்டும். அரை நிமிடம் ஒரு விளம்பரம் ஓடும். அது முடிந்ததும் இலவசமாகப் பேசலாம். காசு தருவது டவுன் கடைக்காரர்கள். விளம்பரத்தைக் கடைசிவரை கேட்டால்தான் அவர்களும் தருவார்கள்.

அங்கேதான் எனக்கு எரிச்சல். பாதியில் கட் பண்ணிவிடுவார்கள். என் குரலிலேயே, "வணக்கம் அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்துப் பதிவு செய்து பார்த்தேன். வயதானவர்கள் அதற்குப் பதில்கூடச் சொன்னார்கள். யாரோ உண்மையாகவே விசாரிக்கிறார்கள் என்று நினைப்பு. இளசுகள் அதற்கும் மசியவில்லை. நகைக்கடை முதலாளி என்னை நிற்க வைத்துத் திட்டினார். நான் யாருக்காக மாடாய் உழைக்கிறேன் என்று ஒருவராவது யோசித்தார்களா?

பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றைக் கவனித்தேன். சில எண்களுக்குப் போகிற கோலை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. எல்லாம் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி டிரைவர்களின் எண்கள். தோட்டத்தில் யாருக்கு என்ன ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலில் லொறியைத்தானே கூப்பிடுவார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்கள் என்று எனக்கே ஆச்சரியம். அந்த எண்களுக்கு மட்டும் ஒரு விளம்பரத்தை மூன்றாக்கினேன். வியாபாரம் தெரிந்தவர் யாரும் அதைத்தான் செய்திருப்பார்.

அம்மாக்கண்ணுவின் கோல் வந்தபோது நான் லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் தெளிவாக விழுகிறதா என்று இடைக்கிடை கேட்பது என் வழக்கம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மலையில் கூடவே வேலை செய்த அவள் மகள் வினோதாவைக் குளவி கொட்டியிருந்தது. லொறி டிரைவர் சோலைமலையின் எண்ணை அழுத்தியிருந்தாள்.

என் குரல் நலம் விசாரித்தது.

"நல்லா இருக்கேன் தம்பி. புள்ளைய குளவி கொட்டிருச்சு. மொகமெல்லாம் வீங்கிருச்சு. லொறிக்காரருக்குக் குடுங்க தம்பி."

நகைக்கடை விளம்பரம் ஓடி முடிந்து, புடவைக்கடை ஆரம்பித்தது.

"வாங்குறோம் தம்பி, தீவாளிக்கு ஒங்க கடையிலேயே வாங்குறோம். மூச்சு வுட முடியலங்குறா சாமி. லைன குடுங்க."

என் கைக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் விளம்பரத்தைத் தாண்டி, நேரே சோலைமலைக்குப் போகும். நான் அழுத்தவில்லை. இன்னும் ஒன்றுதானே என்று இருந்தேன். மூன்றாவது ஓடும்போது சிக்னல் போய்க் கட்டாகிவிட்டது. அவள் மறுபடி எடுத்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. "நல்லா இருக்கீங்களா?" என்று என் குரல் கேட்டபோது இந்த முறை அவள் அழுதாள். அப்போதும் அழுத்தவில்லை. ஒருவருக்கு அழுத்தினால் எல்லோருக்கும் அழுத்த வேண்டிவரும். மூன்றும் ஓடி முடிந்த பிறகுதான் சோலைமலைக்கு லைன் போனது.

வினோதா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லொறியிலேயே செத்துப்போனாள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். அந்தப் பிள்ளை செத்துவிடக்கூடும் என்று தெரிந்தேதான் நான் விளம்பரம் முடியக் காத்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

ஆனால் தோட்டத்தில் என்னைக் கொள்ளைக்காரன் என்கிறார்களாம். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை, ஐயா. இரண்டு கோலுக்கும் சேர்த்து அந்த அம்மாவிடம் நான் ஒரு சதக் காசுகூட வாங்கவில்லை.