கிணற்றடிப் பக்கத்து யன்னல்

நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அடுத்தடுத்த வளவுக்காரர்கள். கட்டட அனுமதி விசாரணைக்காகக் கல்முனையிலுள்ள அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிந்தவூர் தாண்டியதும் இளையவர் சொன்னது என்னை நிமிர வைத்தது.

"சொந்த மகன் மாப்பிள்ளையா வந்து இருக்கப்போற வீட்டுக்கே ஆட்சேபனை குடுத்த உம்மா இந்த ஊரில நீங்க ஒராள்தான், மச்சி."

"மகனத் தர ஓம் எண்டன். யன்னலுக்கும் ஓம் எண்டனா? உங்கட பிளான்ல மேல்மாடி யன்னல் எங்கட கிணத்தடியப் பாக்குது. என்ட பொம்புளப் புள்ளைகள் எங்க குளிக்கிற?"

"பாக்கப்போறது அதுகள்ற காக்கா, உங்கட மகன்தானேகா?"

"அவன்ட கூட்டாளிமார் வரமாட்டாங்களா?"

"இண்டைக்கு அனுமதி கிடைக்காட்டி மேல்மாடி எழும்பாது. வீடில்லாம மகள எப்படிக் கட்டிக் குடுக்கிற? ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நிக்காஹ்."

"எனக்கும் அதே நிக்காஹ்தான்."

காரைதீவில் பஸ் நின்றபோது இளையவர் மற்றவர் பக்கம் திரும்பினார்.

"சரி, அந்த யன்னலப் பிளான்ல இருந்து எடுத்திர்றன்," என்றார். "கடல் பக்கம் ஒண்டு திறப்பம்."

"எடுக்கச் சொல்லல்ல. எட்டிப் பாத்தாலும் கீழ தெரியாத உயரத்தில வைங்க. ஆட்சேபனைய நானே வாபஸ் வாங்குறன்."

"அவ்வளவு உயரத்தில யன்னல் என்னத்துக்கு மச்சி?"

"கிணத்தடியில நிண்டு நான் கூப்பிட்டா அவனுக்குக் கேக்கோணும்."