கொய்யா டாக்டர் கேட்ட அனுமதி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆராய்ச்சி நிலையத் தலைவர் அவர்களே, புதிய ரகங்களுக்கு ஒப்புதல் வழங்கும் குழுவின் பெரியோர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் கலங்கிய கண்களோடு இருக்கும், மறைந்த அம்மையாரின் தங்கையே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரை மேதை என்றார்கள். பழப்பயிர் மரபியலின் தூண் என்றார்கள். உண்மைதான்! ஆனால் இதில் ஒரு சொல்லையாவது அவர் காதில் விழும்படி சொல்லியிருக்கக் கூடாதா? இரங்கல் கூட்டத்தில் கோபப்படக் கூடாதாம். முயன்று பார்க்கிறேன்.

முனைவர் பட்டம் பெற்ற அவர் தோட்டக்காரர்களுக்குக் கொய்யா டாக்டர். அறை வாசலில் டாக்டர் என்ற பலகையைப் பார்த்து ஒரு பெரியவர் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்தார். "நான் மரத்துக்குத்தாங்க டாக்டர். உக்காருங்க, பழம் சாப்பிட்டுப் போங்க" என்றார் அம்மையார். அதுதான் அவர்!

கொய்யாவின் வாடல் நோய் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும். காய்த்து நிற்கும் மரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சருகாகிவிடும். பயிர் நோய்களைப் படித்த என்னிடம் அதற்கு மருந்து இல்லை. அவர் வேறு வழி தேடினார். மொட்டு விரியும் முன்பே அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, காட்டுக் கொய்யாவின் மகரந்தத்தைத் தடவி, பை கட்டுவார். பிஞ்சு உதிரும். மறுபடியும் கட்டுவார். மீண்டும் உதிரும். சளைத்தாரா? இல்லை! கடைசியில் கிடைத்த கன்றுகளைக் கொண்டுபோய் நோய் மண்ணிலேயே நட்டார்.

"இவ்வளவு பாடுபட்டு வளத்துட்டு, சாகவா விடுறீங்க?" என்று கேட்டேன்.

"எது பொழைக்குதுன்னு எனக்குத் தெரியணும் தம்பி."

எல்லாம் காய்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. அடுத்த ஆண்டும் நின்றது. அதன் பழம் கோலிக்குண்டு அளவு, வாயில் வைக்க முடியாது. ஆனால் அதன் மேல் நல்ல கொய்யாவை ஒட்டுக் கட்டினால்? மேலே இனிக்கும் பழம், கீழே சாகாத வேர்!

குழுவிடம் கொண்டு போனார். ஓர் உறுப்பினர் அந்தச் சின்னப் பழத்தைக் கடித்துவிட்டு முகம் சுளித்தார். "இத யாரும்மா வாங்குவா?"

"சார், இது திங்கறதுக்கு இல்ல. வேருக்கு."

"இன்னும் ஒரு வருஷம் பாருங்க."

மறு ஆண்டு உறுப்பினர்கள் மாறினார்கள். புதியவரும் பழத்தைத்தான் கடித்தார்! எத்தனை ஆண்டுகள் இந்தக் கூத்து நடந்தது என்று மேடையில் இருப்பவர்களே சொல்லட்டும்.

இதற்கிடையே தங்கை வீட்டுக் கொய்யாத் தோட்டத்தில் வாடல் இறங்கியது. தங்கையின் கணவர் வந்து கேட்டார். "அக்கா, உங்க கன்னு கொஞ்சம் குடுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்." அனுமதி வராத செடியை வெளியே தரக் கூடாது என்பது விதி. "அடுத்த கூட்டத்துல வந்துரும்ப்பா, கொஞ்சம் பொறு" என்றார் அம்மையார். கூட்டம் நடந்தது, அனுமதி வரவில்லை. தோட்டம் மொத்தமும் போயிற்று. அந்த மனிதர் இன்று லாரி ஓட்டுகிறார். தங்கை அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

போன கூட்டத்துக்கு அம்மையார் நோயோடுதான் வந்தார். செத்த வேர் ஒன்றையும் உயிருள்ள வேர் ஒன்றையும் மேசைமேல் வைத்தார். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. அடுத்த தடவை பேசலாம்" என்றார்கள். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த தடவைங்கறது அவங்களுக்கு ஒரு டீ. எனக்கு ஒரு வருஷம் தம்பி."

அந்த வருஷம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் நடந்ததைத் தங்கையின் சம்மதத்தோடு சொல்கிறேன். "அன்னிக்கு நாலு கன்னு குடுத்திருந்தா என்னக்கா?" என்று அவர் கேட்டார். அக்காள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "குடுத்திருக்கணும்டி" என்றார். கேட்டீர்களா? விதியை ஒருநாளும் மீறாத அதிகாரியை, மீறியிருக்க வேண்டும் என்று சொல்லிச் சாக வைத்தது யார்?

நேரமாகிவிட்டது என்று தொகுப்பாளர் சைகை காட்டுகிறார். அம்மையாரைக் காக்க வைத்தீர்கள். என்னை மட்டும் அவசரப்படுத்துகிறீர்களே? முடித்துவிடுகிறேன்.

விவசாயிகள் நிலத்தில் சோதனை நடவு செய்ய நிலையத் தலைவரின் அனுமதியே போதும். அம்மையார் கேட்டபோது, குழு முடிவு வரட்டும் என்றீர்கள். தலைவர் அவர்களே, அவர் படத்தின் முன் நின்று நான் கேட்கிறேன். அனுமதி உண்டா, இல்லையா?

தலைவர் தலையசைக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா?

அப்படியானால் முதல் நடவு தங்கையின் நிலத்தில்தான். அம்மையாரின் பணி நிற்காது. இது என் உறுதி. நாளைக் காலை நாற்றங்காலில் ஒட்டுக் கட்டத் தொடங்குகிறோம். கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள், பைகளில் மண் நிரப்ப ஆள் வேண்டும்.