மாடு தின்ற படுக்கை

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் பரவையிலிருந்து மதுரைக்கு முக்கிக்கொண்டு போனது. எனக்கு முன்னால் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இருவர். திருநீறு பூசியிருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

"ஒங்க சாமி படுக்கைய எங்க மாடு தின்னுருச்சாமே, மேரி?"

"ஆமாக்கா. குடில்ல இருந்த தொட்டிய நக்கி வச்சிருச்சு."

"வைக்கோல்தான. எங்க படப்புல இருந்து ஒரு கட்டுத் தாரேன்."

"கட்டாப் போட்டா ஆகாதுக்கா. இது ஆகமன காலம். கிறிஸ்துமஸுக்குச் சேசு பாலன் வந்து படுக்கணும்ல, அதுக்கு ஒரு நல்ல காரியம் செஞ்சா ஒரு வைக்கோல் போடுவோம். மனசத் தயார் பண்ணத்தான் இம்புட்டும். இனி முதல்ல இருந்து சேக்கணும்."

"பண்டிகை கிட்ட வந்துருச்சே. எப்பிடி நெறையும்?"

"நேத்தே ஒண்ணு போட்டுட்டேன். ஒங்க மாட்ட அடிக்காமத்தான பத்திவிட்டேன்."

திருநீற்றுக்காரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் செல்லூரை நெருங்கியபோது மேரி பக்கம் திரும்பினாள்.

"அது ரெண்டு நாளாத் தீனி எடுக்காமக் கெடந்துச்சு மேரி. ஒங்க வீட்லதான் வயிறு நெறையத் தின்னுருக்கு. அதுக்கும் ஒண்ணு போட்டுக்க."