ஒற்றைப் பொட்டலம் கட்டிய கைகளுக்கு

மருந்துக் கிடங்கின் மாண்பே! மறதி அறியாத மதியே! முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முதல் ஆளாய் வந்து கதவைத் திறந்து, கடைசி ஆளாய்க் கதவடைத்துச் சென்ற கடமையின் காவலரே! பணிப்பதிவேட்டில் தங்களுக்கு ஒரு பெயர் உண்டு. ஆயினும் அதிகாரி முதல் துப்புரவுப் பணியாளர் வரை எங்கள் அத்தனை பேர் நாவிலும் தாங்கள் சாவியம்மாதான். இடுப்பில் செருகிய சாவிக்கொத்து தந்த அந்தப் பெயரின் உரிமையோடே விளிக்கிறோம். வணக்கம், அம்மா!

காய்ச்சல் மாத்திரையோ கட்டுத்துணியோ, கேட்டவர் வாய் மூடுமுன் எடுத்துக் கொடுத்த தங்கள் கைத்திறனைச் சொல்லவா? குளிர்பெட்டி பழுதான கோடையில் ஒரு குப்பி மருந்தும் வீணாகாமல் தாங்களே பனிக்கட்டி சுமந்து காத்த கண்ணியத்தைச் சொல்லவா? இவற்றை விரித்துரைப்பதே பணிநிறைவு வாழ்த்துமடலின் மரபு. முதலில் அப்படித்தான் எழுதினோம். படித்துப் பார்த்தபோது அது எந்தக் கிடங்குக் காப்பாளருக்கும் பொருந்தும் மடலாக இருந்தது. ஆகவே கிழித்துவிட்டு, அந்தத் தொற்றுக்காலத்தைச் சொல்லத் துணிந்தோம். அதில் எங்களுக்குப் பெருமை குறைவு என்று தெரிந்தே துணிந்தோம்.

தெருக்கள் வெறிச்சோடி, கதவுகள் அடைபட்டு, அவரவர் மூச்சுக்கே அவரவர் அஞ்சிய மாதங்கள் அவை. வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைப் பெட்டிகள் நம் சுகாதார அலுவலகத்துக்கு வந்து இறங்கின. மூக்கில் விட்டெடுத்த குச்சியை மருந்துநீரில் கலக்கி, அட்டையில் மூன்று சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால், நோய் உண்டா இல்லையா என்று கோடு சொல்லிவிடும். பெட்டிக்கு ஐந்து அட்டை, ஐந்து குச்சி, மருந்துநீர்க் குப்பி மட்டும் ஒன்று. சலுகை விலைதான். ஆனாலும் ஒரு நாள் கூலி! முத்திரையிட்ட பெட்டியைப் பிரித்து விற்கக்கூடாது என்பது ஆணை. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. தனியாக இருப்பவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு காலைப்பொழுது, அச்சகத்துக்கு மேல் வாடகை அறையில் தனித்திருந்த தையல்காரர் ஒருவர் தங்கள் சாளரத்துக்கு வந்தார்.

"ஒன்னு மட்டும் குடுங்கம்மா. அஞ்ச வச்சிக்கிட்டு என்ன பண்றது? வீட்ல நான் ஒருத்தன்தான்."

"பிரிச்சுக் குடுக்கக் கூடாதுங்க. ரூல்ஸ் அப்படி."

"சரிம்மா. யாராச்சும் கூட்டுச் சேர்றாங்களான்னு பாக்கறேன்."

அவர் வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். நடுவே இரண்டு முறை இருமினார். அதன்பின் அவர் நெருங்க நெருங்க வரிசை விலகியது. சற்று நேரம் வாசலில் நின்றுவிட்டு, எதையோ மறந்து வைத்தவர்போல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். ஆறாம் நாள் அவர் அறைக் கதவை உடைத்துத் திறந்தார்கள். அவர் உடலை எடுத்துச் சென்ற வண்டியை ஓட்டியவர் நம் அலுவலக ஓட்டுநர். அவர் வந்து சொன்னபோது தாங்கள் அழவில்லை. "அவர் கேட்டது ஒன்னுதானே?" என்றீர்கள்.

பெட்டியைப் பிரித்து விற்க அனுமதி கேட்டு மறுநாளே அதிகாரியின் அறைக்குச் சென்று நின்றீர்கள். மருந்துநீரைச் சிறு குழாய்களில் பிரித்து அடைத்தால் சோதனை பழுதாகுமா என்று நம் ஆய்வகப் பெண்மணியைக் கொண்டு பத்து நாள் பரிசோதித்தீர்கள். பழுதாகவில்லை என்றதும் மீண்டும் சென்றீர்கள். "செய்ங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அதிகாரி. அப்போது அந்த அறையில் எழுத்தர், ஓட்டுநர், ஆய்வகப் பெண்மணி ஆகிய மூவர் நின்றிருந்தோம். இதை நினைவில் நிறுத்துமாறு அவையோரை வேண்டுகிறோம்.

அதன்பின் கண்டோம், தங்கள் கைகளின் தவத்தை! ஒருவர் அருகே ஒருவர் அமரக்கூடாத காலம் அது. ஆதலால் அடுக்குகளுக்கு நடுவே தாங்கள் தனியே அமர்ந்தீர்கள். ஓர் அட்டை, ஒரு குச்சி, ஒரு குழாய் என நாளொன்றுக்கு நூறு ஒற்றைப் பொட்டலங்கள் கட்டினீர்கள். ஐந்தில் ஒரு பங்கு விலையில் அவை சென்றன. விடுதிக் காவலாளிக்கும், வாடகை அறைப் பெண்ணுக்கும், மகன் தொலைவில் இருக்கும் முதியவருக்கும் சென்றன. ஒவ்வொன்றிலும் தாங்கள் பெரிய எழுத்தில் எழுதிய துண்டுத்தாள் ஒன்று இருந்தது. செய்முறை முடிந்து கடைசி வரி இப்படி இருக்கும்: "காத்திருக்கும்போது பயமாக இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்." அது கிடங்கின் தொலைபேசி எண்.

அழைப்புகள் வந்தன, அம்மா! தடுப்புக்கு அப்பால் இருந்து நாங்கள் கேட்டிருக்கிறோம். "இப்பவே பாக்காதீங்க, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சன்னல்கிட்ட உக்காருங்க. வெளிய என்ன தெரியுது? … தண்ணித் தொட்டியா? அது மேல காக்கா ஏதாச்சும் உக்காந்திருக்கா?" காதில் கருவியை வைத்தபடி கைகளால் பொட்டலம் கட்டிக்கொண்டே, முகம் தெரியாதவரின் பதினைந்து நிமிடத்தைத் தாங்கள் கூட இருந்து கடத்தினீர்கள். இரண்டு கோடு தெரிந்தால், "பரவால்ல, தெரிஞ்சிருச்சுல்ல, இனி பாத்துக்கலாம்" என்பீர்கள். வண்டிக்கும் மருந்துக்கும் சொல்லிவிட்டே கருவியை வைப்பீர்கள். வேலையாளுக்கு இது வேண்டாத வேலை என்று நாங்கள் சிரித்ததுண்டு. "கிடங்குக்குள்ள வானொலி நிலையம் நடக்குது" என்று கேலி பேசியதுமுண்டு.

பெட்டிகள் பிரிக்கப்பட்ட செய்தி தலைமையகத்தை எட்டியது. அனுமதி அளித்த அதிகாரி, அளிக்கவில்லை என்றார். தங்கள் மீது குற்றம் சாட்டிக் குறிப்பாணை பிறந்தது. "தன்னிச்சையாக முத்திரை உடைத்தார்" என்ற வாசகத்தின் கீழ்ச் சாட்சிகளாக மூவர் கையெழுத்திட்டோம். மேலே நினைவில் நிறுத்தச் சொன்னோமே, அதே மூவர்! அந்தக் குறிப்பாணையைத் தட்டச்சு செய்த எழுத்தர், இப்போது இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கும் நான். ஏழு வாரம் கழித்து எல்லா ஊர்களிலும் ஒற்றைப் பொட்டலமே விற்கலாம் என்று தலைமையகம் தன் யோசனைபோல் ஆணையிட்டது. தங்கள் மீதான குறிப்பாணையை மட்டும் இன்றுவரை யாரும் திரும்பப் பெறவில்லை. தாங்களும் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் தேறியிருப்போம்.

இன்னொன்றும் உண்டு. மழை தொடங்கிய வாரம் கிடங்குச் சாளரம் திறக்கவில்லை. விடுப்பு என்று மட்டும் தகவல் வந்தது. இரண்டாம் நாள் தொலைபேசி விடாமல் அடிக்க, நான் போய் எடுத்தேன். பேசியவர் ஒரு பேருந்து நடத்துநர் பெண்.

"சாவியம்மா இல்லையா?"

"லீவுங்க."

"அவங்க லீவே போடமாட்டாங்களே. ஒடம்பு சரியில்லையா?"

"தெரியலைங்க."

"தெரியலையா? யாரும் போய்ப் பாக்கலையா? தனியாத்தானே இருக்காங்க?"

"பாக்கறோம்" என்று கருவியை வைத்தேன். பார்க்கவில்லை. ஓட்டுநர் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். ஆய்வகப் பெண்மணி பேசியிருப்பார் என்று ஓட்டுநர் நினைத்தார். அவரோ, இத்தனை பேர் இருக்கையில் தாமும் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டார். ஊருக்கெல்லாம் எண் எழுதிக் கொடுத்த தாங்கள், தங்கள் பதினைந்து நிமிடத்தில் யாருக்குப் பேசினீர்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டாம் நாள் காலை, பாதியாய் இளைத்து வந்து கதவைத் திறந்தீர்கள். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றோம். "இருக்கேன்" என்றீர்கள். நாங்களும் அவரவர் இருக்கைக்குத் திரும்பிவிட்டோம்.

அன்னையே! அன்று சொல்லத் தவறியதை இன்று அவையறியச் சொல்கிறோம். அனுமதி பெற்றே தாங்கள் பெட்டிகளைப் பிரித்தீர்கள். அதற்கு நாங்கள் மூவரும் சாட்சி. அஞ்சிப் பொய் எழுதினோம். இதே வாசகத்தை எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை தலைமையகத்துக்கும் அனுப்பிவிட்டோம். அதனால் எங்களுக்கு என்ன வரும் என்று அறியோம். மன்னிப்புக் கேட்டு இந்த அவையில் தங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். அதைத் தங்கள் விருப்பத்துக்கே விடுகிறோம்.

உடல் நலம் ஓங்கி, உறக்கம் இனிதாகி, எவருக்கும் கதவு திறக்கும் கடமையின்றித் தாங்கள் விரும்பிய நேரத்தில் விழித்து, நெடுங்காலம் நிறைவோடு வாழ்க!

முப்பத்து மூன்று ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் தங்கள் வீட்டுப் படியேறியதில்லை. கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடல் கொஞ்சம் கனம், சுவரில் மாட்ட நல்ல ஆணி வேண்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் மூவரும் சுத்தியலோடு வருகிறோம். வேண்டாம் என்றால் வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்புங்கள், அம்மா. வருவது மட்டும் உறுதி.

என்றும் தங்களுக்குக் கடமைப்பட்ட,
சுகாதார அலுவலகப் பணியாளர்கள்