இடது நாற்காலி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களே, கணவரான கம்பவுண்டர் ஐயாவை இழந்த துயரிலும் நம் நடுவே வந்து அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, மழையையும் பாராமல் இந்த அறையை நிறைத்திருக்கும் நம் தியான வட்டத்துத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"நல்லதா நாலு வார்த்தை பேசுங்க தம்பி" என்று அம்மா கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன் என்றேன். ஆனால் நான் லேத் பட்டறைக்காரன். பூசி மெழுகத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் எனக்கு 'அரம்' என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

யார் இந்தக் கம்பவுண்டர் ஐயா? மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டியைப் பிரித்துப்போட்டு, அதன் மேல் கபாலா என்ற யூத மறைஞானத்தின் வாழ்வு மரத்தை வரைந்து காட்டியவர். வலப்புறம் கருணைத் தூண், இடப்புறம் கடுமைத் தூண், நடுவே சமநிலைத் தூண் என்று நமக்குச் சொல்லித் தந்தவர். சூடும் குளிரும் ஒரே பொருளின் இரண்டு முனைகள் என்ற பழைய கிரேக்க-எகிப்திய ஹெர்மெட்டிக் ஞானப் பாடத்தை, மருந்து கலக்கிக்கொண்டே நடத்தியவர். "கருணை மட்டும் இருந்தா மனுஷன் கொழகொழன்னு ஆயிடுவான். கடுமை மட்டும் இருந்தா வெடிச்சுப் போவான். ரெண்டையும் உள்ளுக்குள்ள நிறுத்துறவன்தான் மேல ஏறுவான்" என்பார். நம் தையல்கார அம்மாவுக்குக் கைநடுக்கம் வந்தபோது, ஐந்து மாதம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து, மறுபடியும் ஊசியில் நூல் கோக்க வைத்தவர் யார்? அவர்தான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

வட்டத்தைத் தொடங்கியபோது அவர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். முன்னால் இரண்டு நாற்காலிகள்; வலதில் அவர், இடதில் நான். வலது நாற்காலிக்காரர் அரவணைக்க வேண்டும், இடது நாற்காலிக்காரர் கண்டிக்க வேண்டும். நெறி தவறியவரை விலக்குவதென்றால் இருவரும் சேர்ந்து முடிவெடுப்போம், கடிதத்தை இடது நாற்காலிக்காரர் எழுதுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாற வேண்டும். அந்த மாற்றம்தான் பயிற்சியே. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது மாறினோமா? இல்லை. கேட்கும்போதெல்லாம், "உனக்குத்தான் அது கைவந்த கலை தம்பி, எனக்கு வாய் வராது" என்று சிரிப்பார். அதைக் கேட்டு எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் என் தங்கை விவகாரம் வந்தது. கணவனைப் பறிகொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு. இறந்தவரைத் தியானத்தில் அழைக்கக் கூடாது என்பது நம் நெறி. அவள் அழைத்தாள். சொந்த ரத்தமாயிற்றே என்று நான் தயங்கினேன். ஐயா என் தோளில் கைவைத்து, "இப்ப இரக்கம் காட்டினா அவ அதுலயே மூழ்கிடுவா. எழுது" என்றார். எழுதினேன். அவள் வட்டத்தை விட்டும் போனாள், என் வீட்டுப் பக்கம் வருவதையும் விட்டாள்.

ஐயாவின் உடல் கிடத்தப்பட்டிருந்த அன்று அவள் வந்தாள். "நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டேன். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் என்னைப் பார்த்து, "உன்னை மாதிரி கல்லு இல்லண்ணா அவரு. மாசாமாசம் வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போனாரு. 'நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேம்மா, உங்க அண்ணன் பிடிவாதமா நின்னுட்டான்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு" என்றாள்.

தையல்கார அம்மாவுக்கும் ஒரு சமயம் அப்படியொரு கடிதம் எழுதியிருந்தேன். அவரிடம் போய் விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "என்கிட்டயும் அதேதான் சொன்னாருண்ணே" என்றார்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். இங்கே கிள்ளியது என் விரல், ஆட்டியது அவர் கை. அம்மா, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வேன்? ஐயா, இதுவா சமநிலை? இரண்டு தூணையும் உள்ளுக்குள் நிறுத்தச் சொன்ன நீங்கள், ஒன்றை என் தலையில் இறக்கிவிட்டு மற்றதன் நிழலில் இளைப்பாறினீர்களே, இது நியாயமா? கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். இன்று காலை நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்து, கோபத்தை ஒரு பக்கமும் அன்பை ஒரு பக்கமும் நிறுத்திப் பார்த்தேன். இரண்டும் நேர்படவில்லை. சண்டை போடலாம் என்றால் நீங்களும் இல்லை.

தோழர்களே, வட்டம் தொடரும். அதில் ஐயம் வேண்டாம். ஆனால் இனி யாருக்கும் கடிதம் போகாது. ஒருவரைக் கண்டிக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்வேன். சொல்லிவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது இந்த மன்றத்தில் நான் தரும் வாக்கு.

நேற்று என் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். நடந்ததைச் சொன்னேன். எழுதச் சொன்னதே அவர்தான் என்றேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "'உன் அழுகை மற்றவர்களின் பயிற்சிக்கு இடையூறு'ன்னு அந்தக் கடிதத்துல ஒரு வரி இருந்துச்சே. அதுவும் அவரு சொன்னதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதவு முழுதாகத் திறந்திருக்கும். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

"இல்லம்மா, அது நானா எழுதுனது" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக்கும் போவேன். வணக்கம்.