சிவப்பு வயர்

மாலை ஆறே கால். பல்லேகலவைத் தாண்டி மகாவலி ஆற்றங்கரைக்கு இறங்குகிற பாதை. மழை... ஓர் ஆட்டோ கூட இல்லை. நம் ரமேஸின் மச்சான் துஷாந்த் அந்தப் பாதையில்தான் மோட்டார் சைக்கிளில் போனான். சிரிக்காதே, ரமேஸ். உன்னிடம் சொல்லாததை அவன் என்னிடம் சொன்னான்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு ஹோட்டல். ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூட்டை இழுத்து அறைகளுக்குச் சுடுதண்ணீர் கொடுக்கிற ஹீட் பம்ப் ஒன்று அங்கே நிலத்துக்குக் கீழே இருக்கிறது. மறுநாள் கல்யாணம். மிஷின் நின்றுவிட்டது. இன்றைக்கே ஓட வைத்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி சஞ்சீவனிக்கு ஏழு மாதம். அந்த வேலை அவனுக்கு எப்படியாவது வேண்டும்.

படியிறங்கினான். சேற்று வாடை. கூடவே சளிக்குப் பூசுகிற தைல வாடை... அதை அவன் பெரிதாக எடுக்கவில்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே இருபத்து நாலு வோல்ட் வயர்கள். தொட்டாலும் கரண்ட் அடிக்காது. ஆனால் அவ்வளவு பெரிய மிஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுதான். பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒன்று திறந்து கரண்ட் அறுந்தாலும் போதும், மிஷின் நிற்கும். தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கிற சுவிட்ச் திறந்திருந்தது. சேறு ஃபில்டரை அடைத்திருக்கிறது. கழுவ மூன்று மணித்தியாலம் போகும்.

மிஷின் திருத்துகிற நாம் என்ன செய்வோம்? பொய் சொல்லாதீர்கள். சுவிட்சின் இரண்டு திருகாணிக்கும் குறுக்கே ஒரு துண்டு வயர் போடுவோம். மிஷின் ஓடும். பிறகு கழற்றலாம் என்போம்... மறந்துபோவோம். துஷாந்தும் ஒரு சிவப்பு வயரைப் போட்டு முறுக்கினான். மிஷின் உறுமியது. படியேறினான்.

ஐந்தாவது படியில்... டக்.

மிஷின் நின்றது. திரும்பி வந்து பார்த்தால் வயர் தரையில் கிடக்கிறது. அவன் வளைத்த முனைகளை யாரோ நேராக்கியிருக்கிறார்கள். ஈரம் வேறு. மறுபடி போட்டான். ஐந்தாவது படி... டக்.

மூன்றாம் முறை போட்டுவிட்டு அவன் போகவில்லை. எதிரில் குந்திக்கொண்டு பார்த்தான். தைல வாடை பிடரிக்குப் பக்கத்தில் வந்தது. கிறீச்... கிறீச்... திருகாணி தானாகச் சுழன்றது. மெதுவாக இல்லை. அவசரமாக, மூச்சு முட்டுகிற ஆள் கழற்றுகிற மாதிரி.

"என்னைய ஒண்ணும் செய்யலடா. அதுக்கு அந்த வயர் மட்டுந்தான் வேணும்" என்று பிறகு என்னிடம் சொன்னான் துஷாந்த்.

மேலே ஓடி வந்தவனைக் காவலாளி முனாப், மடவளை ஆள், பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்களும் வயர் போட்டீங்களா தம்பி? போன வருஷம் இங்க மிஷின் பாத்த திருச்செல்வமும் இப்படித்தான் போட்டாரு. தண்ணி நின்டு, உள்ளுக்குக் குழாய் உறைஞ்சி வெடிச்சி, ரூம் முழுக்க கேஸ். மனுசன் வெளிய ஓடாம அந்த வயரக் கழட்டப் போயிருக்காரு. காலையில பாத்தா மூச்சில்ல, கையில ஸ்குரூ டிரைவர்... சளிக்குத் தைலம் பூசியிருந்தாரு, பாவம்."

துஷாந்த் திரும்பவும் இறங்கினான். பயம்தான், ஆனால் சஞ்சீவனியின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஃபில்டரைக் கழுவினான். வயர் இல்லாமலே மிஷின் ஓடியது. வேலை நிரந்தரமானது. பிள்ளையும் பிறந்தது.

இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? காலையில் ஒரு தொழிற்சாலை மிஷினுக்கு நானும் வயர் போட்டேன். கழற்றாமலே வந்துவிட்டேன். அந்த மிஷின் அறையில் இன்றிரவு நம் பையன் நஸீபுக்கு வேலை. சோற்றில் கை வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது. உடனே போன் எடுத்தேன்.

"மிஷின் ஆறே காலுக்கே நின்டிச்சி அண்ணே. நீங்க சொல்ற எடத்துல வயர் ஒண்ணும் இல்லையே" என்றான் நஸீப்.

அதற்குப் பிறகு பீடி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன்.

இந்தா ரமேஸ், பிடி. முனைகளைப் பார், நேராக இருக்கின்றன. இன்னும் ஈரம் காயவில்லை... மூக்குக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதே.