முழங்கால் உயரச் செடி

டீயில் டின்பால் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, சார்ஜென்ட் அம்மா. பரவாயில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பக்கத்து டீ போட வராது. அதற்காக நான் யாரையும் குறை சொல்வதில்லை.

நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில் கஞ்சா வளர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூனில் கடலில் பனிப்பாறை மிதக்கும். ஆகஸ்டில் மூடுபனி. செப்டம்பரில் சூறைக்காற்று. வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் ஊரே விதை வாங்கி நட்டது. ஆயுளில் ஒரு முள்ளங்கியை உருப்படியாக வளர்க்காதவர்களெல்லாம் ஒரே வருஷத்தில் நிபுணர்கள் ஆனார்கள். ஆளுயரத்துக்கு வளர்த்து, வலைக்கயிற்றால் வேலியோடு சேர்த்துக் கட்டினார்கள். முதல் காற்றில் செடியும் போயிற்று, வேலியும் போயிற்று. நான் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருஷம் மீன் ஆலையில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவன் நான். குளிரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இங்கே ஆள் கிடையாது. குளிர்ப் பிரதேசத்துக் காட்டு ரகம் ஒன்றையும் மேற்குக்கரையின் வாசனை ரகம் ஒன்றையும் கலந்து, ஆறு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி, முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு கலப்பினத்தை உண்டாக்கினேன். காற்று அதன் தலைக்கு மேலே போய்விடும். குளிர் இறங்குவதற்குள் பூத்து முடித்துவிடும். ஒவ்வொரு பூவும் கல்லு மாதிரி இறுக்கமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு கஸ் நோஸ்வொர்த்திக்கு அது பொறுக்காது. வேலிமேல் கையைப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பான்.

"இம்புட்டு இறுக்கமா இருந்தா உள்ள காத்து எங்கடா போவும், ஹெட்லி? இந்த மூடுபனிக்கு உள்ளுக்குள்ளயே அழுகிரும் பாரு."

"மொதல்ல உன் செடிய நிமித்தி நிறுத்துடா. அப்புறம் என் செடிக்கு வைத்தியம் பாக்கலாம்."

அவனுடையது நெட்டையாக, சோளத்தட்டை மாதிரி நிற்கும். பூவெல்லாம் தொளதொளவென்று கலைந்து கிடக்கும். படகு இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றவே மருமகனைக் கூப்பிடுகிற ஆள், எனக்குச் செடியைப் பற்றிச் சொல்லித்தர வந்தான்.

போன ஆகஸ்டில் பத்தொன்பது நாள் மூடுபனி விலகவே இல்லை. அறுத்து, கொட்டகையில் உலர்த்தி, இலை கத்தரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பூ விரலில் முறிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பழைய ரொட்டியில் படர்ந்திருக்குமே, அதேபோல. இன்னொன்றை முறித்தேன். அதிலும் இருந்தது. மூன்றாவதை முறிக்கவில்லை. வெளிப்பார்வைக்கு எல்லாமே அழகாகத்தான் இருந்தன.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் அறுவடை விழா. ஜாம், ரொட்டி, முட்டைக்கோசு, கம்பளிக் காலுறை, நாலு வருஷமாகக் கஞ்சாவும் போட்டியில் உண்டு. நடுவர்கள் பார்ப்பார்கள், முகர்வார்கள். முறித்துப் பார்க்கிற அளவுக்கு யாருக்கும் விஷயம் தெரியாது. எப்போதும்போல முதல் பரிசுச் சிவப்பு ரிப்பன் எனக்கு, இரண்டாம் பரிசு நீலம் கஸ்ஸுக்கு.

ஒரு வழக்கம் உண்டு. முதல் பரிசு வாங்கிய பொருளெல்லாம் அந்த வருஷம் ஊரில் நோயாகக் கிடப்பவருக்குப் போக வேண்டும். ஜெயித்தவன் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். அந்த வருஷம் ஃபிலமினாவின் முறை. தபால் நிலையத்தை நடத்திவந்தவள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி, முடி கொட்டி, பாதியாகச் சுருங்கியிருந்தாள். ரெண்டு இழுப்பு கஞ்சா இழுத்தால்தான் வாந்தி நின்று உப்புக்கறியும் முட்டைக்கோசும் ஒரு வாய் உள்ளே இறங்கும்.

"எத்தன வருசமா இந்தக் குட்டையனப் பத்திப் பீத்திக்கிட்டுத் திரியிற! சீக்கு வந்தாத்தான் என் கைக்கு வரும்போல," என்றாள். பிறகு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள பூஞ்ச கீஞ்ச இல்லியே, ராசா? என் ஒடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லியாம். பூஞ்ச நெஞ்சுக்குள்ள போனா அம்புட்டுத்தானாம், நர்ஸு சொல்லிட்டா."

கூடத்தில் எழுபது பேர் இருந்தார்கள். கஸ் தன் ஜாடியோடு இரண்டடி தள்ளி நின்றான். அவனுடையது சுத்தமானதுதான். கலைந்த பூவில் ஈரம் தங்காது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஜாடி அவளுக்குப் போயிருக்கும். சிவப்பு ரிப்பன் அவனுக்குப் போயிருக்கும். கஸ் சிரித்து நீங்கள் கேட்டதில்லை.

"கண்ணாடி மாதிரி சுத்தம்," என்றேன்.

மூன்றாவது வாரம் அவளுக்கு இருமல் வந்தது. போன் செய்து இன்னொரு ஜாடி கேட்டாள். இல்லை என்றால் ஏன் என்பாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். இருமிக்கொண்டே எழுந்து, எனக்கு ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தாள். ஜாம் நன்றாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் அவளைச் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் போனில் பேசினார். குரலைக் கேட்டால் இன்னும் மீசை முளைக்காதவர் மாதிரி இருந்தது.

"சார், அவங்க நுரையீரல்ல என்ன இருக்குன்னு பிடிபடல. நீங்க குடுத்ததுல பூஞ்சை இருந்துச்சா? இருந்துச்சுன்னா இப்பவே வேற மருந்து போட்டுடலாம். காப்பாத்த வாய்ப்பிருக்கு. யாரும் உங்களக் கோவிச்சுக்க மாட்டோம் சார்."

கோபித்துக்கொள்ள மாட்டார்களாம். என்ன பெருந்தன்மை. கஸ்ஸின் தங்கை அந்த வார்டில்தான் வேலை பார்க்கிறாள். நான் ஆமாம் என்றால் சாயங்காலத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

"இல்ல," என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நாலு வருசமா மொதப் பரிசு வாங்குறவன்கிட்டக் கேக்குற கேள்வியா தம்பி இது?"

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். ஒன்பதாம் நாள் ஃபிலமினா இறந்தாள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். எதிர்ப்பக்கம் தூக்கிய கஸ் கல்லறை வரைக்கும் தேம்பிக்கொண்டே வந்தான். அவனுக்கு அழுகையெல்லாம் சுலபமாக வரும்.

மிச்சமிருந்த ஜாடியை அவள் மகள் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நீங்கள் முறித்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆக, மறைக்க ஒன்றுமில்லை. பூஞ்சை இருப்பது தெரிந்தே இரண்டு முறை கொடுத்தேன். அவள் பிழைக்க வழியிருந்தபோது தெரிந்தே டாக்டரிடம் பொய் சொன்னேன். அவள்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. இந்த ஊரில் என் செடியைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.

காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்தச் சோதனைச்சாலைக்காரர்கள் எழுதியதில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த ரகம் இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுகக்கூடியது என்று போட்டிருக்கிறார்கள். அது அபாண்டம், அம்மா. தப்பு மூடுபனியுடையது. என் செடிமேல் ஒரு குற்றமும் இல்லை.